ப… ட்… டு… பட்டு! உங்க குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்க, முதல்ல காதைப் பழக்குங்க!

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு நடை நடந்து பாருங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘பட்டு’தான். பட்டு மாளிகை, பட்டு சென்டர், பட்டு ஜவுளி என்று வரிசையாக போர்டுகள். யு.கே.ஜி படிக்கிற குழந்தையைக் கையில் பிடிச்சுக்கிட்டு நடக்கிற ஓர் அம்மா, அந்த போர்டைக் காட்டி, “படி பார்க்கலாம்” என்கிறார் என்று வெச்சுக்குவோம். குழந்தை தயங்காமல் சொல்லும்: “பானா… இட்டு… டு.”

“சரி, இப்போ சேர்த்துப் படி.”

அவ்வளவுதான். குழந்தை அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா குழந்தை முகத்தைப் பார்ப்பார்.

‘அ முதல் ஃ வரைக்கும் கடகடன்னு ஒப்பிக்கிறா. ஒரு வார்த்தையைக் காட்டினா முழிக்கிறா.’ இது நிறைய வீடுகளில் கேட்கிற புலம்பல். உங்க வீட்டிலும் கேட்டிருக்கலாம். குழந்தைக்கு ஞாபகசக்தி இல்லை, அக்கறை இல்லை என்று முடிவுகட்டிடாதீங்க. பெரும்பாலும் சிக்கல் வேற இடத்தில் இருக்கு. எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கோம். எழுத்தின் ஒலியைச் சொல்லிக் கொடுக்கலை.

பெயர் வேற, ஒலி வேற!

நம்ம தாத்தா, பாட்டி காலத்தில் ‘ஆனா, ஆவன்னா’ என்றுதான் படிச்சாங்க. க-வுக்கு ‘கானா’, ப-வுக்கு ‘பானா’. இதெல்லாம் எழுத்துகளுக்கு நாம வெச்ச பெயர்கள். மெய்யெழுத்துகளைத் தனியாக உச்சரிப்பது கஷ்டம் என்பதால், முன்னால் ஓர் ‘இ’ சேர்த்து ‘இக், இங், இச்’ என்று சொல்லுவது இன்றைக்கும் வழக்கம். எழுத்தை அடையாளம் காட்ட இந்தப் பெயர்கள் உதவும். படிக்க உதவாது. ‘ப’வும் ‘இட்’டும் ‘டு’வும் சேர்ந்தால் ‘பஇட்டு’தானே வரும்? குழந்தை முழிப்பதில் தப்பே இல்லை.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். சீ, ஏ, டீ என்று பெயர்களைச் சொன்னால் ‘கேட்’ என்ற பூனை எங்கேயிருந்து வரும்? அதனால்தான் ‘ஃபோனிக்ஸ்’ முறையில் எழுத்தின் பெயருக்கு முன்பே ஒலியைச் சொல்லித் தர்றாங்க. தமிழ் அந்த அளவுக்குக் குழப்பாது. ‘க’ என்ற எழுத்தைப் பார்த்து ‘க’ என்றே சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிஞ்சது. மெய்யெழுத்துக்கு மட்டும் ஒரு சின்ன உத்தி வேணும். அதைத் தனியாகச் சொல்லாதீங்க, முன்னால் இருக்கிற எழுத்தோடு ஒட்டிச் சொல்லுங்க. ‘க, இல்’ என்பதற்குப் பதில், ‘க…’ என்று இழுத்து, மூச்சை விடாமல் ‘ல்’லில் கொண்டுபோய் நிறுத்துங்க. ‘க…ல்.’ கல்!

கோர்வை தெரிஞ்ச ஊர்

காஞ்சிபுரம் பட்டுப் புடவையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவில் நெய்து, இணையும் இடத்தில் ஊடை இழைகளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே போவாங்க. அதுக்குப் பெயர் ‘கோர்வை.’ உடலையும் கரையையும் எவ்வளவு நல்லா நெய்தாலும், கோர்வை சரியில்லை என்றால் அது புடவை இல்லை. இரண்டு துண்டுத் துணி.

படிப்பதும் அப்படித்தான். 247 எழுத்தும் தனித்தனியாகத் தெரிந்தாலும், ஒலிகளைக் கோக்கத் தெரியாத குழந்தையால் படிக்க முடியாது. ஏழெட்டு எழுத்து மட்டுமே தெரிந்து, அவற்றைக் கோக்கத் தெரிந்த குழந்தை படிக்க ஆரம்பிச்சிடும். ‘எழுத்துக்கூட்டிப் படி’ என்று பெரியவங்க சொன்னது இந்தக் கோர்வையைத்தான்.

அந்தக் கோர்வைக்குப் பின்னால் ஒரு வலியும் இருக்கு. கோர்வைப் புடவை நெய்ய, நெசவாளருக்குப் பக்கத்தில் இருந்து இன்னொரு நாடாவைத் தள்ள ஓர் உதவியாள் வேணும். அந்த இடத்தில் பல காலம் சின்னப் பிள்ளைகளே உட்கார்ந்திருந்தாங்க. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி 2003-ல் வெளியான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அப்படித் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளில் பலர் இன்று அப்பா, அம்மா ஆகிவிட்டாங்க. ‘எனக்கே சரியா எழுத்துக்கூட்ட வராது, நான் எப்படிங்க சொல்லித் தர்றது?’ என்ற தயக்கம் அப்படிப்பட்டவர்களுக்கு இருப்பது நியாயம்தான்.

அவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. படிப்புக்கான முதல் பாடத்துக்கு எழுத்தே தேவையில்லை. காதும் வாயும் போதும். அது தறியில் உட்கார்ந்துகொண்டும், அடுப்படியில் நின்றுகொண்டும், பைக்கில் போய்க்கொண்டும் சொல்லித்தரக்கூடிய பாடம்.

காதுக்கான 4 விளையாட்டுகள்

பேச்சு என்பது குழந்தைக்கு ஒரே நீளமான ஓட்டம். ‘பட்டு’ என்பதற்குள் துண்டு துண்டாக ஒலிகள் இருக்கு என்பதே அதுக்குத் தெரியாது. அந்தத் துண்டுகளைக் காது பிரித்துக் கேட்கப் பழகிய பிறகுதான், ‘இந்த ஒலிக்கு இந்த வடிவம்’ என்று நாம் சொல்லுவது மனதில் ஒட்டும். மூன்று, நான்கு வயதிலேயே இதை ஆரம்பிக்கலாம்.

1. கைதட்டு: வார்த்தையை உடைத்துச் சொல்லி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தட்டு. ‘இட்-லி’க்கு இரண்டு. ‘கு-ட-லை’க்கு மூன்று. ‘ஏ-காம்-ப-ர-நா-தர்’க்கு ஆறு! கோயிலுக்குப் போகிற வழியிலேயே விளையாடலாம். நீளமான பெயர் கிடைச்சா குழந்தைக்குக் கொண்டாட்டம்தான்.

2. முதல் ஒலி வேட்டை: வரதராஜப் பெருமாள் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டுட்டு வந்த குழந்தையிடம், “பல்லி மாதிரியே ‘ப’வில் ஆரம்பிக்கிறது வேற என்ன இருக்கு?” என்று கேளுங்க. பட்டு, படி, பழம், பந்து என்று வரும். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடியில் ‘மா’ வேட்டை. மாமரம், மாடு, மாலை, மாமா!

3. எதுகைச் சங்கிலி: பட்டு, தட்டு, கட்டு, லட்டு, மொட்டு… நீங்க ஒண்ணு, குழந்தை ஒண்ணு. நடுவில் அர்த்தமே இல்லாத ‘யட்டு’, ‘ஙட்டு’ வந்தாலும் தடுக்காதீங்க. ஒலியைப் பிடிச்சிடுச்சு என்பதற்கு அதுதான் சாட்சி. எதுகையும் மோனையும் நம்ம பாட்டுகளில் காலங்காலமாக இருப்பவைதான். மோனை என்பது முதல் எழுத்து ஒன்றிவருவது, எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. தாலாட்டும் குழந்தைப் பாட்டும் கேட்டு வளர்கிற பிள்ளைகளின் காது, தன்னை அறியாமலேயே இதுக்குத் தயாராகிடுது.

4. இழுத்துப் பேசு: “அந்தப் பா…ல் எடுத்துட்டு வா”, “தெருவுல தே…ர் வருது பாரு” என்று ஒலிகளைப் பிரித்துச் சொல்லுங்க. குழந்தை மனசுக்குள் அதைச் சேர்த்து, ‘பால்’, ‘தேர்’ என்று புரிஞ்சுக்கணும். எழுத்துக்கூட்டுவதற்கான நேரடி ஒத்திகை இதுதான். கொஞ்சம் பழகியதும் அடுத்த கட்டம். “பட்டத்துல ‘ப’வை எடுத்துட்டு ‘க’ போட்டா என்ன?” “கட்டம்!”

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். குழந்தை சலிச்சுக்கிட்டா நிறுத்திடுங்க. இது ஹோம்வொர்க் இல்லை.

‘அ’வில்தான் ஆரம்பிக்கணுமா?

கட்டாயம் இல்லை. அகரவரிசை என்பது எழுத்துகளை அடுக்கி வைக்கும் முறை. கற்றுத்தரும் வரிசையும் அதுவாகவே இருக்கணும் என்பதில்லை. ‘அ’, ‘இ’ போன்ற சுழியும் வளைவும் நிறைந்த எழுத்துகள் ஐந்து வயது விரலுக்குச் சவால். ‘ட’, ‘ப’, ‘ம’ போன்றவை பெரும்பாலும் நேர்க்கோடுகளால் ஆனவை. எழுதவும் சுலபம், ஞாபகம் வைக்கவும் சுலபம்.

இந்த மூன்றோடு புள்ளியையும் உடனே அறிமுகப்படுத்துங்க. “புள்ளி வெச்சா ‘அ’ சத்தம் ஓடிப்போயிடும்.” ‘ம’ என்று சொல்லும்போது வாய் திறக்கும், ‘ம்’ என்று சொல்லும்போது வாய் மூடிக்கொள்ளும். கண்ணாடி முன் நின்று செய்து காட்டினால் குழந்தைக்கு மறக்காது.

இப்போ பாருங்க… படம், மடம், பட்டம், மட்டம். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் நான்கு வார்த்தைகளைக் கொடுத்தாச்சு. அடுத்து ‘க’, ‘ல’, ‘ர’ சேர்த்தால் கல், பல், மரம், கடல், பகல், பக்கம், கட்டம் எல்லாம் வந்துடும். இரண்டே வாரத்தில் ‘நான் படிச்சுட்டேன்’ என்று குழந்தை துள்ளிக்குதிக்கும் அந்த ஒரு நிமிஷம் இருக்கே… அடுத்த எழுத்தைக் கற்கும் ஆசை அதிலிருந்துதான் வரும்.

ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகளையும் ஒன்றுபோல் ஒலிக்கும் எழுத்துகளையும் ஒரே வாரத்தில் சொல்லித்தராதீங்க. ல, ள, ழ மூன்றையும் வரிசையாக வெச்சா மூன்றும் குழம்பும். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு அடுத்தது. ‘ழ’வும் ‘ர’வும் சில குழந்தைகளின் நாக்குக்குத் தாமதமாகத்தான் வரும். ‘வாயப்பயம்’ என்று சொல்லுற குழந்தையை நாலு பேர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிக்காதீங்க. நீங்க சரியாக உச்சரிச்சுக்கிட்டே இருங்க, போதும்.

216-ஐப் பார்த்து மலைக்காதீங்க!

உயிர்மெய் 216 என்றதும் நமக்கே மலைப்புதான். ஆனால் குழந்தை 216 வடிவங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 18 மெய்கள், கால், கொம்பு மாதிரி 11 துணைக்குறிகள். அவ்வளவுதான் அடிப்படை.

சார்ட்டில் ‘க, கா, கி, கீ’ என்று குறுக்கே ஒப்பிப்பது நமக்குப் பழகின முறை. அதோடு மேலிருந்து கீழாகவும் படிக்க வையுங்க. ‘கா, டா, பா, மா, லா.’ துணைக்கால் வந்தால் சத்தம் நீளும் என்பதை ஐந்து எழுத்தில் பார்த்துவிட்ட குழந்தை, ஆறாவது எழுத்தைத் தானாகவே படிக்கும்.

இரண்டு இடங்களில் மட்டும் கூடுதல் பொறுமை வேணும். ஒன்று, உகரம். கு, பு, து மூன்றையும் எழுதிப் பாருங்க. ‘உ’ சத்தத்துக்கு மூன்றிலும் மூன்று வடிவம்! இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தரணும். இரண்டாவது, கொம்பு. ‘கெ’யில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாயில் முதலில் வருவது ‘க்.’ ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்குது. ‘கொம்பைப் பார்த்ததும் ஒரு நொடி நில்லு, பக்கத்து எழுத்தையும் பார்த்துட்டு அப்புறம் வாயைத் திற’ என்று பழக்குங்க.

இன்னொரு சந்தேகமும் வரும். ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் இருப்பது ஒரே ‘க’. ஒலி மூன்று விதம். வார்த்தையின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லினம் அழுத்தமாக வரும். மெல்லினத்துக்குப் பின்னாலும், இரண்டு உயிர்களுக்கு நடுவிலும் குழையும். இந்த விதியைக் குழந்தைக்கு விளக்க வேண்டாம். தமிழ் பேசுகிற குழந்தைக்கு அது நாக்கிலேயே இருக்கு. ‘நாம பேசுற மாதிரி சொல்லு’ என்றாலே ‘தங்கம்’ சரியாக வந்துடும்.

மணலும் அரிசியும்

விஜயதசமி அன்று அரிசியில் விரல் பிடித்து எழுதவைக்கிறோம் இல்லையா? அதை அந்த ஒரு நாளோடு நிறுத்திடாதீங்க. தாம்பாளத்தில் மணலோ ரவையோ பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொல்லுங்க. காது, வாய், கண், விரல் நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். தப்பாக எழுதினால் அடித்தல், ரப்பர் எதுவும் வேண்டாம். ஒரு குலுக்கு, அழிஞ்சிடும்.

இந்த மணலுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றவர், ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல். நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, அதையே தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். கற்ற பிள்ளை கற்காத பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையையும் சேர்த்து, 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பிரிட்டன் பள்ளிகளில் பரவியது. நம்ம தெருவில் இருந்து போன உத்தி அது. நம்ம வீட்டுக்குத் திரும்ப வரலாம்தானே?

புத்தகத் தமிழும் வீட்டுத் தமிழும்

குழந்தை ‘பல்’ என்று சரியாக எழுத்துக்கூட்டிடும். ஆனாலும் புரியாமல் நிற்கும். ஏன்னா, அதுக்குத் தெரிஞ்சது ‘பல்லு.’ நாம பேசுற தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கிற தமிழ் இன்னொன்று. தினமும் ஒரு கதையைப் புத்தகத்தில் இருக்கிற வார்த்தைகளிலேயே வாசித்துக் காட்டினால், ‘அவர்கள் வந்தார்கள்’ என்பது குழந்தையின் காதுக்கு அந்நியமாக இருக்காது. வாசிக்கத் தெரிந்த அக்காவோ தாத்தாவோ இதைச் செய்யலாம்.

காஞ்சிபுரத்தில் தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பங்களும் உண்டு. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசினால், காதுக்கான விளையாட்டுகளை அந்த மொழியிலேயே ஆடுங்க. ஒலியைப் பிரித்துக் கேட்கும் திறமை ஒரு மொழியில் வந்துவிட்டால், அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும்.

ஆங்கிலத்துக்கும் இது பொருந்தும். 26 எழுத்துகளுக்கு சுமார் 44 ஒலிகள் என்பதால் அங்கே சிக்கல் அதிகம். ‘பீ’ என்ற பெயரைவிட உதடு ஒட்டிப் பிரியும் அந்தச் சின்ன ஒலியை முதலில் சொல்லித்தாங்க. பின்னால் ‘அ’ சேர்த்து ‘ப’, ‘ட’ என்று நீட்டாதீங்க. கூட்டும்போது வார்த்தை கெட்டுப்போகும். தமிழில் எழுத்துக்கூட்டப் பழகிய குழந்தைக்கு, ‘ஒலிகளைச் சேர்த்தால் வார்த்தை’ என்ற சூட்சுமம் ஏற்கெனவே தெரியும்.

நிஜமாவே படிக்குதா?

படத்தைப் பார்த்தோ, மனப்பாடமாகவோ சொல்லுதா என்பதைத் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. அர்த்தமே இல்லாத ஒரு வார்த்தையை எழுதிக் காட்டுங்க. ‘டபம்’, ‘மடல்கட்’ மாதிரி. அதைக் கூட்டிப் படிச்சா, குழந்தைக்கு எழுத்து வசப்பட்டாச்சு. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நடத்தும் ஃபோனிக்ஸ் சோதனையில் வரும் 40 வார்த்தைகளில் 20 இப்படி இட்டுக்கட்டியவைதான்.

நம்ம அரசுப் பள்ளிகளிலும் இந்த அடிப்படைக்கு ஒரு திட்டம் வந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட இடைவெளியைச் சரிசெய்ய, 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கப்பட்டது. 2025-க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லா குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்கணும் என்பது இலக்கு. வகுப்பைப் பார்க்காமல், குழந்தையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தாங்க. உங்க குழந்தை மூன்றாம் வகுப்பில் இருந்தும் இன்னும் எழுத்துக்கூட்டத் திணறினால், வகுப்பாசிரியரிடம் கூச்சப்படாமல் கேளுங்க: ‘எந்த ஒலியில தடுமாறுது? நாங்க வீட்டுல என்ன செய்யணும்?’

எட்டு வயது என்ற கணக்குக்குக் காரணம் இருக்கு. அதுவரைக்கும் குழந்தை படிக்கக் கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு, படித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்கணும். கணக்குக் கேள்வியைப் படிக்க முடியாத பிள்ளைக்குக் கணக்கு வராது. பின்தங்கின பிள்ளை, ‘எனக்குப் படிப்பு வரலை’ என்று தானே முடிவுகட்டிடும். பள்ளியை விட்டு நிற்பதற்கான முதல் இழை அங்கேதான் அறுபடுது.

ஆறு, ஏழு வயதாகியும் எதுகை பிடிபடலை, நேற்று சொன்ன எழுத்து இன்று சுத்தமாக மறந்துபோகுது என்றால், திட்டுவதை நிறுத்திட்டு முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிங்க. அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்ளும் குழந்தைக்கு ‘ப’வும் ‘ம’வும் சரியாகக் கேட்காமல் இருக்கலாம். ‘ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம்’ என்ற மத்திய அரசுத் திட்டத்தில், 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் இலவசப் பரிசோதனை உண்டு. எல்லாம் சரியாக இருந்தும் படிப்பு மட்டும் வரலை என்றால் அது டிஸ்லெக்சியாவாகவும் இருக்கலாம். அதுக்குப் பயிற்சி முறைகள் இருக்கு. சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் வழிகாட்டுவாங்க.

அடுத்த முறை காந்தி ரோட்டில் நடக்கும்போது, ‘பானா’ வேண்டாம், ‘இட்டு’ வேண்டாம். குழந்தையின் விரலை போர்டை நோக்கி நீட்டி, “ப…ட்… டு” என்று மெதுவாக இழுங்க. மீதியைக் குழந்தை சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தை வந்துடுச்சுன்னா, தெரு முழுக்க அதே வார்த்தைதான் காத்திருக்கு!